சம்பந்தியின் ஊரில் கடல் ஏரியான கதை

1

இலங்கையில், மன்னார்ப் பேசாலையில் இருக்கும் என் தங்கை ஜசிந்தாவிடம் மகளுக்குக் கலியாணம் என்று சொன்னபோது அவள் முதலில் கேட்டது பொடியனின் பெயரை.

"மாட்டின்" என்றேன்.

"ஆ, கிறிஸ்தவப் பேர். வேதக்காரப் பொடியன்தான். எந்த ஊர்?"

மெல்பேர்னில் பிறந்தவனுக்கு எந்த ஊரைச் சொல்வது? "தகப்பன்ட ஊர் ஒரு பெரிய குளத்தடி" என்றேன்.

"அப்ப கட்டுக்கரைக் குளத்தடிப் பக்கம். முருங்கனோ? முருங்கன் எண்டால் எனக்கு ஆக்களைத் தெரியும். நான் விசாரிச்சுச் சொல்றன்."

"நீ விசாரிக்கத் தேவையில்லையடி. இது ஒல்லாந்தில இருக்கிற குளம்."

அவள் வீட்டுக் கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது.

"சரித்திரப் புத்தகத்தில படிச்சமே, போர்த்துக்கேயருக்குப் பிறகு வந்தவை. அந்த ஒல்லாந்தரோ?"

"ஓம், அவைதான்."

"அத்தான் என்ன சொல்றார்?"

"அத்தான் ஒண்டும் கதைக்கிறாரில்லை" என்றேன். உண்மையும் அதுதான். மகள் டிலானி விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து என் கணவர் மரியதாஸ் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், செபமாலை சொன்னார். மாட்டின் என்ற பெயரை மட்டும் அவர் வாயில் எடுக்கவில்லை.

மன்னார்க் கத்தோலிக்கர்களுக்கு ஒல்லாந்தர் என்றால் வெறும் பாடப்புத்தகம் அல்ல. அவர்கள் எங்கள் கரையைப் பிடித்தபோது பூசை வைக்கக் கூடாது என்று தடுத்தார்கள், குருக்களான சுவாமிமாரைத் துரத்தினார்கள். மாந்தையில் இருந்த சனம் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. அப்படித்தான் மடுக்கோயில் உண்டானது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. மரியதாஸ் ஒவ்வோர் ஆவணியிலும் மடுத் திருவிழாவை மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கணினியில் நேரலையாகப் பார்த்து, முழங்காலில் நின்று செபிக்கிறவர். அவருடைய ஒரே மகள் ஒல்லாந்தன் வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள்.

எனக்கு வேறு ஒரு குணம். கோபம் வருவதற்கு முன்னால் விடுப்பு, புதினம் அறியும் ஆசை, வந்துவிடும். ஊரில் என்றால் ஒரு சம்பந்தம் வந்ததும் நாலு பேரைப் பிடித்து விசாரிப்போம்: ஆக்கள் எப்படி, தொழில் என்ன, எந்தக் கோயில். இங்கே யாரைப் பிடிப்பது? மல்கிரேவில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் வேலை செய்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சம்பந்தியின் ஊரை நானே விசாரிக்கத் தொடங்கினேன்.

2

ஊரின் பெயர் வோலன்டாம். அதை அந்த ஊர்க்காரர் சொல்லும்போது "ஃபோ" என்று தொடங்குகிறார்கள். முன்னொரு காலத்தில் பக்கத்து ஊரான ஈடாமுக்கு அங்கே ஒரு துறைமுக வாய் இருந்ததாம். கடலுக்குப் போக வேறொரு குறுக்கு வழி வெட்டியதும் பழைய வாயை மண் போட்டு நிரப்பி விட்டார்கள். நிரப்பிய அணை. அதுதான் பெயரின் பொருள். அந்த நிரப்பிய மண்ணில் வயல் செய்யும் கமக்காரரும் மீன்பிடிகாரரும் வந்து குடியேறினார்கள்.

படங்களைப் பார்த்தேன். நீண்ட அணைக்கட்டுத்தான் ஊரின் பெரிய தெரு. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் அணைக்குக் கீழே பள்ளத்தில் வீடுகள். சின்னச் சின்ன மர வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய ஒழுங்கைகள். பழைய ஆண்கள் அகலமான கறுப்புக் காற்சட்டையும், பெண்கள் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரிந்த வெள்ளைத் தொப்பியும் போட்டிருந்தார்கள். இப்போது உல்லாசப் பயணிகள் அந்த உடுப்பை வாடகைக்குப் போட்டுப் படம் எடுக்கிறார்கள். மாட்டினும் ஒரு முறை போனபோது எடுத்திருந்தான். டிலானி அனுப்பியிருந்த அந்தப் படத்தைக் கணவரிடம் காட்டினேன்.

"கூத்துக்கு வேசம் கட்டின மாதிரிக் கிடக்கு" என்றார். அது மாட்டினைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"அந்த ஊர்ச் சனம் முக்கால்வாசியும் கத்தோலிக்கராம்" என்றேன்.

"ஒல்லாந்தில எங்க கத்தோலிக்கர்? உனக்கு ஆரோ கதை விட்டிருக்கினம்."

நான் வாசித்ததில் என்னைப் பிடித்து வைத்தது கத்தோலிக்கம் அல்ல, தண்ணீர். பழைய எழுத்துகளில் எல்லாம் அந்த ஊர் கடற்கரை ஊர். புதிய எழுத்துகளில் ஏரிக்கரை ஊர். முதலில் எழுதியவர்கள் பிழை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. 1932-இல் கடலின் வாய்க்குக் குறுக்கே ஒரு பெரிய அணையைக் கட்டி முடித்து, கடலையே அடைத்துவிட்டார்கள். உள்ளே அகப்பட்ட கடல், ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்கக் கலக்க, ஏரியாகிவிட்டது.

மீன்பிடிகார ஊர் ஒன்று இருந்த இடத்திலேயே இருக்க, கடல் எழும்பிப் போய்விட்டது. கடற்கரையில் பிறந்த நான் அதை வாசித்துவிட்டுச் சோற்றுப் பெட்டியை மூடினேன்.

அன்று பின்னேரம் டிலானியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் பிசியோதெரபிஸ்ட், எப்போதும் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில்தான் என்னுடன் பேசுவாள்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ டவுன். நீங்கள் என்ன ரிசேர்ச் எல்லாம் செய்றீங்கள்?"

"பின்ன உன்னைக் குடுக்கிற இடத்தை நான் அறிய வேண்டாமோ?"

"யூ ஆர் நொட் கிவிங் மீ எவே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது. வார்த்தை பிடிக்கவில்லை.

3

மாட்டினின் தகப்பன் பெயர் யாப். தனி ஆள், மனைவி சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். பிந்திக் கலியாணம் செய்தவர், எங்களை விட நன்றாக வயதில் மூத்தவர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாட்டினும் டிலானியும் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

நெடிய மனிதர். கையில் ஒரு மீன் பொதி கொண்டு வந்திருந்தார், தானே புகை போட்டது. எங்கள் வீட்டுக்கு மீனோடு வந்த முதல் வெள்ளைக்காரர். நான் இறால் குழம்பும் புட்டும் பீன்ஸில் போஞ்சிப் பிரட்டலும் செய்திருந்தேன். போஞ்சியைக் காட்டி, இதற்கு உங்கள் பாஷையில் என்ன பெயர் என்று கேட்டார். "போஞ்சி" என்றேன். முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என் அம்மாவும் போன்ச்சி என்றுதான் சொல்வார்" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. எழும்பிப் போய் மேசை லாச்சியை இழுத்துக் காட்டி "லாச்சி" என்றேன். அவர் "லாட்சே!" என்று கத்தினார். மாட்டினும் டிலானியும் சிரித்தார்கள். நான் அடுத்து, அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் கந்தோரைச் சொல்ல வாயைத் திறந்தபோது மரியதாஸ் முந்திக்கொண்டார்.

"எங்கள் நாட்டை நீங்கள் ஆண்டபோது விட்டுப்போன சொற்கள்" என்றார், ஆங்கிலத்தில், மெதுவாக.

யாப் அவரைப் பார்த்தார். "நாங்கள் அங்கே இருந்தோமா? இந்தோனேசியாவில் இருந்தது தெரியும். சிலோனிலுமா?"

அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியாது. அது முகத்தில் தெரிந்தது. ஆனால் என் கணவருக்கு அதுதான் சுட்டது. தமிழுக்கு மாறி என்னிடம் சொன்னார்: "நூறு வருசத்துக்கு மேல எங்கட தலையில ஏறி இருந்திட்டு, அவைக்குத் தெரியாதாம்."

"வட் டிட் ஹீ சே?" என்று மாட்டின் டிலானியிடம் கேட்டான். அவள் அவனுடைய தட்டில் இன்னொரு கரண்டி புட்டு வைத்தாள்.

அதன் பிறகு எல்லாம் சறுக்கிக்கொண்டே போனது. மரியதாஸ் மாட்டினிடம், ஞானஸ்நானப் பத்திரம் எந்தக் கோயிலில் எடுக்க வேண்டும், சுவாமி கேட்பார் என்றார். மாட்டின் மரியாதையாகத்தான் சொன்னான், தனக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று.

"கத்தோலிக்க ஊர் எண்டாய்" என்று என் பக்கம் திரும்பினார் கணவர்.

"டாட், ஹீ இஸ் ஹாப்பி டு மெரி இன் த சர்ச். யாரையும் கன்வேர்ட் பண்ணத் தேவையில்லை" என்றாள் டிலானி.

"அப்ப நான் கோயிலுக்கு வரத் தேவையில்லை."

அவர் சத்தம் போடவில்லை. கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பி, வெளியே போய்க் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விடத் தொடங்கினார். டிலானி கைப்பையை எடுத்தாள். யாப் மட்டும், என்ன நடந்தது என்று பாதி விளங்காமல், தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்.

4

டிலானி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டாள். எனக்கு மட்டும் குறுஞ்செய்தி வரும். நான் தமிழில் எழுதினால் கட்டை விரல் அடையாளம் ஒன்று பதிலாக வரும்.

இங்கே பிள்ளைகள் விலகுவதைப் பற்றி நாங்கள் அன்ரிமார் கூடினால் கதைப்போம். முதலில் மொழி, பிறகு சாப்பாடு, பிறகு கோயில் என்று ஒரு ஒழுங்கு சொல்வார்கள். என் வீட்டில் அந்த ஒழுங்கு இல்லை. டிலானி புட்டுச் சாப்பிடுவாள், பூசைக்கு வருவாள். எங்களை விட்டு அவள் விலகினால் அதற்குக் காரணம் நாங்கள் சொன்ன ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பயம் பிடித்தது.

யாப் ரூரடினில் இருந்தார். கிரான்பர்னிலிருந்து தெற்கே காரில் கொஞ்சத் தூரம், கடல் ஒரு வாய்க்கால் மாதிரி உள்ளே வந்து நிற்கும் சின்ன இடம். சில தூண்டில்காரரும் படகுகளும்தான். ஒரு நாள் மீன் ரோல்ஸ் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "போட்டு வா" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டும் விட்டேன். யாப் கையை அசைத்து அதைத் தள்ளிவிட்டார். பிறகு நான் விடுப்புக் கேட்கத் தொடங்கினேன், அவர் சொல்வதை நிறுத்தவேயில்லை.

அந்த ஊரில் குடும்பப் பெயர்கள் கொஞ்சம்தானாம். ஒரே பெயரில் நிறையப் பேர் இருந்ததால் எல்லாருக்கும் பட்டப்பெயர். யாப்பின் குடும்பத்துக்குத் "தார்" என்று பெயர். பாட்டன் படகுக்குத் தார் பூசும்போது வழுக்கி அந்தச் சட்டிக்குள்ளேயே குந்திவிட்டாராம். எதிரே தண்ணீருக்கு நடுவில் மார்கன் என்று ஒரு தீவு. அவர்கள் புரட்டஸ்தாந்துக்காரர். "எங்கள் கரையிலிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டுப் புகை தெரியும். ஆனால் அங்கே பெண் எடுக்க மாட்டோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பேசாலைக்கும் பக்கத்து ஊர்களுக்கும் நடுவில் இல்லாத கதையா?

பிறகு கடலைப் பற்றிக் கேட்டேன்.

அணை அடைபட்டபோது யாப் பிறக்கவில்லை. அவருடைய தகப்பன் அப்போது இளந்தாரி, சொந்தப் படகில் ஏறத் தொடங்கிய புதிது. கடலை அடைத்த பிறகும் கொஞ்சக் காலம் ஒன்றும் மாறின மாதிரித் தெரியவில்லையாம். அலை அடித்தது, படகு மிதந்தது. தகப்பன் ஒவ்வொரு காலையும் குனிந்து ஒரு விரல் தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாராம். உப்பு குறைந்துகொண்டே போனது. பிறகு நெத்தலி வரவில்லை. பிறகு ஹெரிங் மீன் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கோடையில் ஒருவகைப் பூச்சி முகில் மாதிரி எழும்பி வந்தது, வாயைத் திறந்து கதைக்க முடியாதபடி. விலாங்கு மட்டும் நின்றது. விலாங்குக்கு உப்பும் ஒன்று, நல்ல தண்ணீரும் ஒன்று.

"சிலர் விலாங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இன்றைக்கும் அந்த ஊர் விலாங்குக்குப் பெயர் போனது" என்றார். "அப்பாவுக்கு விலாங்கு மட்டும் போதவில்லை. பிறகு அந்த ஏரியிலும் ஒரு பகுதியை வற்ற வைத்து நிலமாக்கினார்கள். அந்த வேலைக்குப் போனார். தான் வலை போட்ட இடத்தில் நின்று வாய்க்கால் வெட்டினார். ஒரு வருடம் அங்கே யாரோ உருளைக்கிழங்கு விளைவித்திருந்ததைப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அவுஸ்திரேலியாவுக்குப் போவோம் என்றார்."

இங்கே வந்து தகப்பனுக்கு அனல் மின்நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் முறை வரும். தாய்தான் பிள்ளைகளைப் பூசைக்குக் கூட்டிப் போனவர். தாய் இறந்ததும் அது நின்றுவிட்டது.

"கோபமோ சண்டையோ ஒன்றுமில்லை" என்றார் யாப். "நின்றுவிட்டது, அவ்வளவுதான். டச்சு நின்றதும் அப்படித்தான். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் இல்லை. உங்கள் வீட்டில் அந்த லாச்சியை இழுத்தபோதுதான், எத்தனை காலமாக அந்தச் சொல்லைக் கேட்கவில்லை என்று தெரிந்தது."

5

வீட்டுக்கு வந்து குசினியில் நின்று சமைத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மரியதாஸ் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்கிறாரா என்று நான் பார்க்கவில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் சொல்வது மாதிரிச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"அப்ப மீன் எல்லாம் செத்துப்போச்சுதோ?"

"செத்ததோ போனதோ தெரியாது. வரேல்லையாம்."

"உப்பு இல்லாட்டி நெத்தலி வராதுதான்." சத்தம் மறுபடி கூடியது. பிறகு மறுபடி குறைந்தது. "என்ன வலை போட்டவையாம்?"

"நான் என்னத்தைக் கண்டன்? நீங்கள் போய்க் கேளுங்கோ."

அடுத்த நாளும் கேட்டார். படகு எப்படிப்பட்டது, பாய் கட்டினதோ, கரைக்கு இழுக்கிறதோ, தண்ணீரிலேயே கட்டி வைக்கிறதோ. இத்தனை வருடம் இவருடன் வாழ்ந்திருக்கிறேன். இவருடைய தகப்பன் மீன்பிடிகாரர் என்பது தெரியும். ஆனால் இவர் மன்னார் நகரில் படித்து, கந்தோர் வேலைக்குப் போய், இங்கே வந்து மருந்துப் பொருள் களஞ்சியத்தில் மேற்பார்வையாளராக இருப்பவர். மீன் சந்தைக்குப் போனாலும் வெளியே காரில்தான் இருப்பார். வலையைப் பற்றி இவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். "ரூரடினுக்குப் போவம்" என்றார்.

யாப் படகுத் துறையில் உட்காரும் மர வாங்கில் தூண்டிலோடு இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வாங்கின் மறு நுனியில் இருந்தேன். யாப்தான் முதலில் பேசினார்.

"நீங்கள் அன்றைக்குச் சொன்னதைத் தேடிப் படித்தேன். எல்லாம் உண்மை. எனக்கு வெட்கமாக இருந்தது."

என் கணவர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு ஆயத்தமாக வந்த ஆள். "உங்கள் ஆட்கள் எங்கள் கோயில்களைப் பிடித்தார்கள். எங்கள் சனம் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு ஓடியது" என்றார். ஆனால் குரலில் பழைய சூடு இல்லை.

"என் ஆட்களா?" யாப் தூண்டிலைக் கீழே வைத்தார். "மரியதாஸ், அதே காலத்தில் அதே அரசாங்கம் எங்களையும் பூசை வைக்க விடவில்லை. கோயிலைப் பறித்துவிட்டார்கள். கத்தோலிக்கர் வைக்கோல் கொட்டில்களுக்குள்ளும் வீட்டுப் பரண்களிலும் ஒளிந்து நின்று பூசை கண்டார்கள். வெளியே பார்த்தால் மாட்டுக் கொட்டில் மாதிரி இருக்கும். உள்ளே பீடம் இருக்கும். பாடினால் தெருவில் கேட்கும் என்று பாடாமல் இருந்தார்களாம்."

மரியதாஸ் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கில் வைத்தார்.

"எங்கட பக்கத்திலும் அப்படித்தான்" என்றார். தமிழில் சொன்னதைக் கவனித்துவிட்டு ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னார். "கோவாவிலிருந்து ஒரு சுவாமி பிச்சைக்காரன் வேஷத்தில் வந்தார். வீடுகளுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு பூசை."

"ஒரே அரசாங்கத்துக்குப் பயந்து ஒளிந்திருக்கிறோம்" என்றார் யாப். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒருவரை ஒருவர் தெரியாமல்."

அந்த நேரம் தூண்டில் இழுபட்டது. யாப் எழும்பச் சுணங்கினார். என் கணவர் பாய்ந்து நூலைப் பிடித்தார். மீன் தப்பிவிட்டது. ஆனால் அவர் அந்த நூலை இரண்டு விரலால் பிடித்த விதத்தைக் கண்டு யாப், "நீங்கள் கடலுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவர் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். எனக்கும் முழுவதும் தெரியாத கதை. யுத்த காலத்தில் கடற்படை கடலுக்குப் போக விடவில்லை. பாஸ் எடுக்க வேண்டும். எடுத்தாலும் சில மாதங்கள் முழுக்கத் தடை. மாமா, இவருடைய தகப்பன், வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு, வெய்யிலில் பலகை வெடிக்காமல் இருக்க ஒவ்வொரு காலையும் வாளியில் கடல் தண்ணீர் அள்ளி அதன் மேல் ஊற்றுவாராம். கடலுக்குப் போகாத வள்ளத்துக்குக் கடலைக் கொண்டுவந்து ஊற்றினார். சனம் சிரித்ததாம். மரியதாஸுக்கும் வெட்கமாக இருந்ததாம். அவர் இங்கே வந்த பிறகு மாமா இறந்தார். அப்போது மன்னாருக்குப் பாதை பூட்டியிருந்தது. போக முடியவில்லை. அதன் பிறகு பாதை திறந்தும் அவர் போகவில்லை. நான் இரண்டு தடவை டிலானியுடன் போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு வேலை இருந்தது.

"என்ன மரம்?" என்று யாப் கேட்டார், வள்ளத்தைப் பற்றி. இரண்டு பேரும் மரத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. நான் காரில் போய் இருந்துகொண்டு அழுதேன். ஏனென்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் முழுசாகத் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் நான்தான் கார் ஓட்டினேன். பாதியில் அவர் கைபேசியை எடுத்து டிலானிக்கு அழைத்தார்.

"பிள்ளை, நாளைக்குச் சாப்பிட வா. அவரையும் கூட்டிக்கொண்டு வா."

"ஹூ, டாட்?"

"மாட்டினை."

6

எல்லாம் அதோடு நேராகிவிடவில்லை. மரியதாஸ் மாட்டின் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்பதை விடவில்லை, கேட்கத்தான் செய்தார். மாட்டின் யோசித்துப் பார்த்துவிட்டு, நம்பாத ஒன்றுக்குத் தலையில் தண்ணீர் வாங்கினால் அது உங்களை ஏமாற்றுவது என்றான். அவன் மின்சார வேலைக்காரன், கம்பியைத் தொடுவது மாதிரி வார்த்தையையும் யோசித்துத்தான் தொடுவான். யாப்பைக் கொண்டு மாட்டினிடம் சொல்ல வைக்கலாமா என்று கணவர் முயன்றார். "அது அவனுடைய விருப்பம்" என்று யாப் முடித்துவிட்டார். அன்று இரண்டு பேருக்கும் கொஞ்சம் மனவருத்தம்.

எங்கள் பங்குச் சுவாமி வியட்நாம்காரர், இளம் ஆள். ஆயரின் அனுமதி வாங்கினால் கோயிலிலேயே கலியாணம் கட்டலாம் என்றார். அதற்கு மாதக்கணக்கில் அலைச்சல். அரசாங்கப் பதிவில் பெற்றோர் பிறந்த இடம் கேட்டார்கள். எங்கள் பழைய கடதாசிகளில் பேசாலை மூன்று விதமான எழுத்தில் இருந்தது. யாப்பின் குடியுரிமைப் பத்திரத்தில் அவருடைய ஊரின் பெயரை யாரோ காதால் கேட்டபடி எழுதி வைத்திருந்தார்கள். கந்தோரில் இருந்த பெண் எது சரி என்று கேட்டாள். "எல்லாம் ஒரே இடம்தான்" என்று என் கணவரும் யாப்பும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கலியாண நாளில் மரியதாஸ் டிலானியின் கையைப் பிடித்துக்கொண்டு பீடம் வரை நடந்தார். முகம் இறுகித்தான் இருந்தது, ஆனால் நடந்தார். தமிழ்ப் பாட்டுக்குழு பாடியது. நற்கருணை நன்மை வாங்க எல்லாரும் எழும்பியபோது யாப் தன் இடத்திலேயே இருந்தார். என் கணவர் வாங்கிவிட்டுத் திரும்பி வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்த தன் இடத்தை விட்டு, அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

7

டிலானியும் மாட்டினும் தேனிலவுக்கு ஐரோப்பா போனார்கள். கடைசியில் யாப்பின் ஊர். அங்கே அவருடைய ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் சில நாட்கள்.

போன வாரம் சாயந்தரம் காணொளி அழைப்பு வந்தது. அங்கே காலை. டிலானி அணைக்கட்டின் மேல் நின்றாள், தலைமயிர் காற்றில் அடித்தது. பின்னால் மாட்டினும், அந்தத் தம்பியும் அவர் மனைவியும். நாங்கள் கும்பிட, அவர்கள் கையசைத்தார்கள்.

"அம்மா" என்றாள் டிலானி, தமிழில், சத்தம் போட்டு. "இவை நல்ல ஆக்கள். ஆனா காலமை எழும்பினவுடனே விலாங்கு தருகினம். ஒரே எண்ணெய். என்னால ஏலாது. சிரிச்சுக்கொண்டே கதையுங்கோ, இவைக்கு விளங்கக் கூடாது."

நாங்கள் சிரித்தோம். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் நடந்துகொண்டே ஊரைக் காட்டினாள், முழுக்கத் தமிழில், பிழை பிழையாக, சொல் வராத இடத்தில் கையைக் காட்டி. வீடு எல்லாம் தண்ணிக்குக் கீழ இருக்கு அப்பா. இந்த ஒழுங்கை நல்ல ஒடுக்கம், மாட்டின் தலை குனியிறார். அங்கால பாருங்கோ, அது மார்கன், இப்ப தீவு இல்லை, ரோட்டுப் போட்டிட்டினம்.

மரியதாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு மிகக் கிட்ட இருந்தார்.

பிறகு அவள் கைபேசியைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.

"அப்பா, மாட்டின் கேக்கிறார், தன்ர அப்பான்ர ஊரைப் பாத்தாச்சு, உங்கட ஊருக்கு எப்ப போறதெண்டு. உங்களோடதான் போக வேணுமாம். என்ன சொல்ல?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவரிடம் ஆயத்தமான பதில்கள் உண்டு. வேலை, லீவு, முழங்கால் நோவு. நான் அவற்றில் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னலுக்கு வெளியே எங்கள் தெருவைப் பார்த்தார்.

"இப்ப வாடைக்காத்துத் தொடங்கப் போகுது, பிள்ளை" என்றார். "அது முடியட்டும். மாசியில போவம். அப்பதான் எங்கட கடல் படுத்திருக்கும்."